நாலு சக்கரமும் எல்லாச் சக்கரமும்

காருக்கு மொத்தமே நாலு சக்கரம். அப்படியிருக்க 'ஃபோர் வீல் டிரைவ்' என்று ஒன்று, 'ஆல் வீல் டிரைவ்' என்று இன்னொன்று எதற்கு? நாலும் எல்லாமும் ஒன்றுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்டது என் அப்பா. 2022ல் நான் கார் வாங்க ஷோரூமுக்குப் போனபோது கூட வந்திருந்தார். விற்பனைப் பையன் ரொம்ப ஆர்வமாக, "ஃபோர் வீல் எல்லாம் பழசு சார், இது ஆல் வீல் டிரைவ், அட்வான்ஸ்டு" என்றான்.

"அதுல எத்தன சக்கரம் சுத்தும் தம்பி?"

"நாலும் சுத்தும் அய்யா."

"இதுல?"

"இதுலயும் நாலும்தான் அய்யா."

"அப்புறம் என்ன வித்தியாசம்?"

பையன் போய் காபி கொண்டுவந்தான். அப்பா என்னைப் பார்த்தார். நான் பி.இ. படித்தவன். படித்தது கம்ப்யூட்டர் என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் அப்பா முப்பது வருஷத்துக்குக் கிட்ட அரசாங்க ஜீப் ஓட்டியவர். பத்தாவது தாண்டாதவர். அவருக்குப் பாதி பதில் ஏற்கெனவே தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2014ல் நானும் ஒரு நண்பரும் பாதிப் பாதி போட்டு ஒரு பழைய மஹிந்திரா எம்.எம். 540 வாங்கினோம். டீசல் ஜீப். தரையிலிருந்து மூன்று கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று சாதாரண கியர், மற்ற இரண்டில் ஒன்று முன் அச்சைச் சேர்க்க, இன்னொன்று லோ கியருக்கு. வாங்கிய வாரமே திருச்செந்தூர் தாண்டி காயாமொழிப் பக்கம் தேரிக்குக் கிளம்பிவிட்டோம்.

தேரியைப் பார்க்காதவர்களுக்கு: தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கே, கடற்கரையை ஒட்டி, செக்கச்செவேல் என்று மணல்மேடு மேடாகக் கிடக்கும். குதிரைமொழித் தேரி அதில் பெரியது. மேற்கிலிருந்து அடிக்கிற கோடைக்காற்றில் மணல் நகரும். நேற்றிருந்த தடம் இன்று இருக்காது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 19ம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி எழுதினார். 1956ல் சோய்னரும் ஆல்சினும் இங்கே கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார்கள். அது தனிப் பதிவுக்கான விஷயம். நமக்கு இப்போது வேண்டியது ஒன்றுதான்: இந்த மணலில் பின் சக்கரம் மட்டும் சுற்றும் வண்டி பத்தடியில் அச்சு வரைக்கும் புதைந்துவிடும். (தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. உள்ளே வண்டி விடக்கூடாது. நாங்கள் போனது ஓரத்து வண்டிப்பாதை.)

டயரில் பாதிக் காற்றை இறக்கினோம். அப்பா சொன்னதுதான். காற்று குறைந்தால் டயர் மண்ணில் படும் நீளம் கூடும், பாரம் பரவும். முன் அச்சைச் சேர்த்தேன். வண்டி ஒரு எருமை மாதிரி நிதானமாக ஏறி இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையிலேயே தார் ரோட்டுக்கு வந்து, காற்றை ஏற்றி, நேரே திருச்செந்தூர் வரை ஓட்டிவிட்டேன். பெட்ரோல் பங்கில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போதுதான் தெரிந்தது. வண்டி நகர மறுக்கிறது. பிரேக் பிடித்த மாதிரி இழுக்கிறது. அடியிலிருந்து 'கட், கட்' என்று சத்தம். டயர் கீச்சிட, ஒரு துள்ளு துள்ளி நின்றது.

"கம்பிய எடுத்தியால?"

எடுக்கவில்லை. இப்போது எடுக்கப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன்.

"இழுக்காத. வந்த வளைவுலயே பின்னால எடு. ரெண்டு ஆள் நீளம் போதும்."

பின்னால் எடுத்தேன். உள்ளே ஏதோ அவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம். கம்பி தானாகக் கையோடு வந்தது.

"ரெண்டு அச்சும் ஒண்ண ஒண்ணு முறுக்கிக்கிட்டு நிக்கி. பின்னால போனா முறுக்கு அவுரும். தேரிய விட்டு எறங்குனதும் கம்பிய எடுக்கணும்னு ஒனக்கு யாருமே சொல்லலயால?"

யாரும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் முன் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் உடைந்தது. அதற்கு ஆன செலவில் நண்பர் பாதி கொடுத்தார், ஆனால் முகம் கொடுத்துப் பேச ஒரு மாதம் ஆனது.

அப்பா சொன்ன அந்த 'முறுக்கு'தான் இந்தக் கட்டுரையின் விஷயமே. மாட்டுவண்டியை யோசித்துப் பாருங்கள். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் உருள வேண்டும், உள்பக்கச் சக்கரம் கிட்டத்தட்ட நின்ற இடத்தில் நிற்கும். வண்டிக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. ஏனென்றால் இரண்டு சக்கரமும் அச்சின் முனையில் தனித்தனியாகச் சுற்றுகின்றன. இழுப்பது மாடு. சக்கரத்தையே இஞ்சினால் சுற்ற வைக்கிறோம் என்னும்போதுதான் சிக்கல் வருகிறது. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கினால் திரும்ப முடியாது. அதற்காக வந்ததுதான் டிஃப்ரன்ஷியல். விசையையும் கொடுக்கும், வேகத்தில் வித்தியாசத்தையும் அனுமதிக்கும்.

இடது வலதுக்கு மட்டுமல்ல, முன் பின்னுக்கும் இதே கதைதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. திரும்பும்போது முன் அச்சு பின் அச்சைவிடப் பெரிய வட்டத்தில் போகிறது. பழைய வில்லிஸ் ஜீப்பின் இரு அச்சுகளுக்கு இடையே 80 அங்குலம், அதாவது சுமார் 2.03 மீட்டர். பின் அச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், பித்தாகரஸ் படி முன் அச்சின் ஆரம் ஏறக்குறைய 5.4 மீட்டர். ஒரு அரைவட்டம் அடித்தால் பின் அச்சு 15.7 மீட்டர் போகும், முன் அச்சு கிட்டத்தட்ட 17 மீட்டர். ஒண்ணேகால் மீட்டர் வித்தியாசம். முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் இறுகப் பூட்டியிருந்தால் அந்த ஒண்ணேகால் மீட்டர் எங்கே போகும்? மணலில் டயர் வழுக்கி அதைத் தீர்த்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. தார் ரோட்டில் டயர் பிடித்துக்கொள்ளும். அப்போது அது ஷாஃப்ட்டில் முறுக்காக ஏறும். ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் டயர் துள்ளும். இல்லையென்றால் எது பலவீனமோ அது உடையும்.

ஆக, வித்தியாசம் எத்தனை சக்கரம் சுற்றுகிறது என்பதில் இல்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது. ஒன்றும் இல்லாமல் இறுகப் பூட்டியிருந்தால், தேவைப்படும்போது மட்டும் ஓட்டுநர் சேர்த்து, பிறகு பிரிக்க வேண்டும். இதைத்தான் வழக்கமாக ஃபோர் வீல் டிரைவ் என்கிறார்கள். நடுவில் ஒரு டிஃப்ரன்ஷியலோ, வழுக்கிக் கொடுக்கும் ஒரு கிளட்சோ இருந்தால் தார் ரோட்டிலும் கவலையில்லாமல் ஓட்டலாம். அது ஆல் வீல் டிரைவ்.

வரலாற்றைத் தோண்டினால் ஒரு வேடிக்கை. ஷோரூம் பையன் சொன்னதற்கு நேர்மாறாக, 'பழசு' என்பது ஆல் வீல்தான். 1893ல் பிராமா ஜோசப் டிப்லாக் என்ற ஆங்கிலேயர் நீராவி இழுவை வண்டி ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். நாலு சக்கரத்துக்கும் விசை, மூன்று டிஃப்ரன்ஷியல். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் ஒன்று. பிறகு 1903ல் ஹாலந்தின் ஸ்பைக்கர் சகோதரர்கள் ஆறு சிலிண்டர் பெட்ரோல் பந்தயக் கார் ஒன்று செய்தார்கள். அதிலும் நாலு சக்கர இழுவை நிரந்தரம். சேர்ப்பது பிரிப்பது என்ற பேச்சே கிடையாது. இன்றைய கணக்கில் இரண்டுமே ஆல் வீல்.

நடு டிஃப்ரன்ஷியலைத் தூக்கிப் போட்டுவிட்டு உலகத்தைச் சுற்றி வந்தது ஜீப். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் நூற்று முப்பத்தைந்து கம்பெனிகளுக்கு ஓலை அனுப்பியது. இலகுவான, நாலு சக்கரமும் இழுக்கிற உளவு வண்டி வேண்டும், மாதிரி வண்டிக்கு 49 நாள் கெடு. பென்சில்வேனியாவில் திவாலாகும் நிலையிலிருந்த பாண்டம் என்ற சின்னக் கம்பெனி, கார்ல் புரோப்ஸ்ட் என்பவரைப் பிடித்து வரைபடம் போட வைத்து, செப்டம்பர் 23 அன்று கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. (ஆர்டரின் பெரும்பங்கு கடைசியில் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. பாவம் பாண்டம். டெமோ காட்டியவனுக்கு ஆர்டர் கிடைக்காத கதை என் தொழிலிலும் நிறைய உண்டு.) யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்புகள் தயாராகின.

ஏன் நடு டிஃப்ரன்ஷியல் வேண்டாம் என்று விட்டார்கள்? எடை, செலவு, செய்யும் வேகம் என்பதெல்லாம் சரி. ஆனால் இன்னொரு நல்ல காரணமும் உண்டு. சாதாரண டிஃப்ரன்ஷியலுக்கு ஒரு குணக்கேடு இருக்கிறது. விசையை எந்தப் பக்கம் எளிதோ அந்தப் பக்கம் தள்ளிவிடும். நடுவிலும் ஒன்றை வைத்துவிட்டால், நாலில் ஒரே ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் போதும், விசை முழுக்க அதிலேயே வீணாகும், மற்ற மூன்றும் சும்மா நிற்கும். இறுகப் பூட்டினால் அந்தப் பேச்சு இல்லை. முன் அச்சில் ஒன்று, பின் அச்சில் ஒன்று என்று குறைந்தது இரண்டு சக்கரமாவது இழுத்தே தீரும். தார் ரோட்டில் கம்பியை எடுக்க வேண்டும் என்ற விதியைச் சிப்பாய்க்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும். இயந்திரத்தில் வைக்க வேண்டிய அறிவை ஓட்டுபவன் தலையில் வைத்தார்கள்.

'ஆல் வீல்' என்ற சொல்லும் அந்தக் காலத்து ராணுவத்தில் புழங்கியதுதான். ஜீப்பில் நாலு சக்கர இழுவை என்றால் சரி. ஆறு சக்கரமும் இழுக்கிற பெரிய லாரிகள் இருந்தனவே, அவற்றை என்னவென்று சொல்வது? எத்தனை சக்கரமோ அத்தனையும் இழுக்கும் என்பதற்குத்தான் 'எல்லாச் சக்கரம்'. அந்தப் பொருளில் பார்த்தால் நாலு என்பது எல்லாவற்றுக்குள் ஒரு வகை, அவ்வளவுதான். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வைத்திருக்கும் வகைப்பாடும் இப்படித்தான். ஆல் வீல் டிரைவ் என்பது பொதுப்பெயர். அதற்குள் பகுதிநேரம், முழுநேரம், தேவைக்கேற்ப என்று பிரிவுகள். ஷோரூம் சொல்கிற பாகுபாடு பொறியாளர்களிடமிருந்து வந்ததில்லை, விளம்பரத்திலிருந்து வந்தது.

ஜீப் நம் ஊருக்கு வந்த கதைக்கு வருவோம். யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய ஜீப்புகள் இந்தியாவில் விலைக்கு வந்தன. 'டிஸ்போசல் ஜீப்' என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1945ல் இரும்பு வியாபாரத்துக்காக ஆரம்பித்த மஹிந்திரா அண்ட் முகமது கம்பெனி, 1947ல் வில்லிஸ் ஜீப் தொழிலில் இறங்கியது. பிரிவினையில் கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948ல் கம்பெனி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. அதே வருஷம்தான் லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் ராணுவத்துக்கு ஜீப் வாங்க ஒப்பந்தம் போட்டு, அது சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகாராக வெடித்தது. இந்திய அரசியலில் ஜீப்புக்கு நல்ல ராசி.

1952 அக்டோபர் 2ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. பிளாக் வந்தது, பி.டி.ஓ. வந்தார், அவருக்கு ஜீப் வந்தது. 1958ம் வருஷத்துச் சென்னை பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு யூனியன்கள் முளைத்தன. 'ஜீப்பு வருது' என்றால் அரசாங்கம் வருகிறது என்று பொருளானது. நான் பிறந்தபோது எங்கள் பகுதி திருநெல்வேலி மாவட்டம். 1986ல்தான் தனி மாவட்டமானது. அப்பா அதற்கும் முன்னாலேயே ஒரு யூனியன் ஆபீசில் டிரைவர். அவருக்குக் கம்பியின் விதியைச் சொல்லிக் கொடுத்தவர், யுத்தத்தில் பர்மா வரைக்கும் போய் வந்த ஒரு முன்னாள் ராணுவ டிரைவராம். புத்தகம் இல்லை, வகுப்பு இல்லை. அமெரிக்க ராணுவம் சிப்பாய் தலையில் வைத்த அறிவு, ஆள் மாறி ஆள் மாறி சாத்தான்குளம் செம்மண்ணுக்கு வந்து சேர்ந்த வழி இது. சங்கிலி என் தலைமுறையில் அறுந்தது. எனக்குக் கிடைத்தது உடைந்த ஜாயின்ட்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜீப் என்றாலே நாலு சக்கர இழுவை என்று நாம் நினைப்பது தப்பு. பிற்பாடு நம் ஊர்ச் சாலைகளில் ஆட்களைத் திணித்துக்கொண்டு ஓடிய கமாண்டர், மார்ஷல் வண்டிகளில் பெரும்பாலானவை பின் சக்கரம் மட்டும் இழுப்பவை. தோற்றம் ஜீப், இழுவை அம்பாசடர்.

நடு டிஃப்ரன்ஷியலைத் திரும்பக் கொண்டுவந்தவர் பெயர் தமிழ்நாட்டில் எல்லாக் கிராமத்திலும் எழுதியிருக்கிறது. எல்லோரும் படித்துமிருக்கிறோம். ஹாரி ஃபெர்குசன். ஆமாம், மாசி ஃபெர்குசன் டிராக்டரில் இருக்கிற அதே ஃபெர்குசன். டிராக்டரில் சம்பாதித்ததைக் கொட்டி, சாதாரணக் குடும்பக் காரிலும் நாலு சக்கரமும் பாதுகாப்பாக இழுக்க வேண்டும் என்று கடைசிக் காலத்தில் ஆராய்ச்சி செய்தார். வடக்கு அயர்லாந்துக்காரர், பிடிவாதக்காரர். 1960ல் இறந்துவிட்டார். அவருடைய முறையில் செய்த ஃபெர்குசன் பி 99 என்ற பந்தயக் காரை 1961ல் ஓல்டன் பார்க்கில் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டி ஜெயித்தார். 1966ல் ஜென்சன் எஃப்.எஃப். என்ற கார் வந்தது. எஃப்.எஃப். என்றால் ஃபெர்குசன் ஃபார்முலா. நிரந்தர நாலு சக்கர இழுவை, சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக், இரண்டும் ஒரே காரில். விலை எக்கச்சக்கம். மொத்தமே 320 கார்தான் செய்தார்கள். ஃபெர்குசனோடு வேலை செய்த டோனி ரோல்ட், ஜெர்மானியரின் கோல்டிட்ஸ் சிறையில் கைதியாக இருந்தபோது தப்பிப்பதற்காகப் பரணில் ரகசியமாகக் கிளைடர் விமானம் செய்த கூட்டத்தில் ஒருவர். இதற்கும் நம் விஷயத்துக்கும் சம்பந்தமில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கூட்டத்துக்கு இதைக் கொண்டுபோனது ஆடி. 1977 குளிர்காலத்தில் பின்லாந்துப் பனியில் சோதனை ஓட்டம். தங்கள் சக்திவாய்ந்த கார்களை, அதே குழுமத்தின் ராணுவ வண்டியான இல்டிஸ் சக்தி குறைந்த இஞ்சினோடு அனாயாசமாகத் தாண்டிப் போனதைப் பொறியாளர் யோர்க் பென்சிங்கர் கவனித்தார். சாதாரணக் காரில் இதை வைத்தால் என்ன என்று கேட்டார். முதல் மாதிரிக் காரில் நடு டிஃப்ரன்ஷியல் இல்லை. அந்தக் காரை ஃபோக்ஸ்வாகன் ஆராய்ச்சித் தலைவர் எர்ன்ஸ்ட் ஃபியாலாவின் மனைவி வியன்னாவில் கடைக்கு எடுத்துக்கொண்டு போனாராம். திரும்பி வந்து, நிறுத்தத் திருப்பும்போது கார் துள்ளுகிறது என்று புகார் சொன்னாராம். உடனே ஃபியாலா, நடு டிஃப்ரன்ஷியல் வேண்டும் என்று சொல்லிவிட்டார் என்பது அந்த வட்டாரத்தில் சொல்லப்படும் கதை. 1980 மார்ச்சில் ஜெனீவாவில் குவாட்ரோ வெளியானபோது அது இருந்தது. இந்தக் கதையைப் படித்தபோது எனக்குத் திருச்செந்தூர் பெட்ரோல் பங்க் ஞாபகம் வந்தது. அந்த அம்மாவுக்குக் காரையே மாற்றிக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது 'யாருமே சொல்லலயால'.

அதற்கப்புறம் நடு டிஃப்ரன்ஷியலின் இடத்தில் மலிவான வேறு சாமான்கள் வந்தன. பிசுபிசுப்பான திரவத்தில் தட்டுகள் சுற்றும் இணைப்பு, பிறகு கம்ப்யூட்டர் இறுக்கிவிடும் கிளட்ச். சாதாரணமாக முன் சக்கரம் மட்டும் இழுக்கும். அது வழுக்கினால் கிளட்ச் இறுகிப் பின் சக்கரத்துக்கும் விசை போகும். நம் நாட்டில் 2011ல் வந்த எக்ஸ்.யு.வி. 500, 2014ல் வந்த டஸ்டர் ஆல் வீல் எல்லாம் இந்த ஜாதி. பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். 1970ன் ரேஞ்ச் ரோவரும் 1977ன் ரஷ்ய நிவாவும் நடு டிஃப்ரன்ஷியலோடு எப்போதும் நாலு சக்கரமும் இழுப்பவை, தேவைப்பட்டால் நடுவைப் பூட்டியும் விடலாம். ஆனால் உலகம் அவற்றை ஃபோர் வீல் வண்டி என்றுதான் கூப்பிட்டது.

கடைசியில் நான் வாங்கியது ஆல் வீல்தான். தினமும் ஓடுவது தார் ரோட்டில், மழை நாளில் பைபாஸில் நன்றாக ஒட்டிக்கொண்டு போகும் என்று அப்பாவிடம் நியாயம் சொன்னேன். முதல் சனிக்கிழமையே அவர் அதைப் பழைய தேரி ஓரத்துக்கு ஓட்டச் சொன்னார். காற்றை இறக்கிவிட்டுப் போனோம். முதல் பத்து நிமிஷம் பிரமாதம். பிறகு திரையில் ஒரு எச்சரிக்கை, கிளட்ச் சூடாகிவிட்டது என்று. அடுத்த நொடி பின் சக்கரம் கைவிட்டது. முன் சக்கரம் மட்டும் மணலைத் தோண்ட ஆரம்பித்தது. மணலில் முன் சக்கரம் விடாமல் வழுக்கும், கிளட்ச் விடாமல் தேய்ந்துகொண்டே இறுக்கும், தேய்ந்தால் சூடு. ஒரு அளவுக்கு மேல் போனால் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இணைப்பை விட்டுவிடும். என் லேப்டாப் சூடானால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதே, அதே புத்தி. அப்பா பனைமர நிழலில் உட்கார்ந்துகொண்டு, "ஆறப் போடு. மாடு இளைக்கி" என்றார். அரை மணி நேரம் ஆறப்போட்டுத் திரும்பினோம். இந்த முறை எடுக்க மறப்பதற்குக் கம்பி இல்லை. சேர்க்க வேண்டிய நேரத்தில் சேர்த்து வைக்கவும் கம்பி இல்லை.

2023 டிசம்பர் 17, 18. அந்த இரண்டு நாளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்ப் பயணிகள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். நான் தூத்துக்குடியில், அப்பா ஏரல் பக்கம் அக்கா வீட்டில். போன் இல்லை, கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஆல் வீல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் மனதில் ஓரமாக ஷோரூம் பையனின் குரல் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு இடத்தில் ரோடு தண்ணீருக்குள் போனது. மறுபக்கம் எங்கே ஏறுகிறது என்று தெரியவில்லை. பதினைந்து நிமிஷம் அங்கேயே நின்றேன். எல்லாச் சக்கரமும் இழுக்கும், உண்மைதான். ஆனால் இஞ்சின் மூச்சு வாங்குவது பம்பருக்கு மேலே கொஞ்ச உயரத்தில். அதற்குள் தண்ணீர் புகுந்தால் கதை முடிந்தது. காருக்கு எடை காணாது, ஓடும் தண்ணீரில் மிதக்க ஆரம்பித்தால் நாலு சக்கரமும் சேர்ந்து சும்மா சுற்றும். அடியில் ரோடே அரித்துப் போயிருந்தால் எந்த டிஃப்ரன்ஷியலும் காப்பாற்றாது. காரைத் திருப்பி மேட்டில் நிறுத்தினேன்.

பின்னாலிருந்து ஒரு டிராக்டர் வந்தது. டிரெய்லரில் பால் கேன், அரிசி மூட்டை, ஏழெட்டு ஆட்கள். ஏறிக்கொண்டேன். ஓட்டியவர் அந்தப் பகுதிக்காரர். ரோட்டின் ஒவ்வொரு குழியும் அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாத இடத்தில் ஒரு ஆள் இறங்கி முன்னால் கம்பு ஊன்றி நடந்தார். சிவப்பு நிற மாசி ஃபெர்குசன். பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. ஹாரி ஃபெர்குசன் ஆயுசின் கடைசி வருஷங்களையும் காசையும் கொட்டியது என் காரில் இருக்கிற சாமானுக்காக. என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர் முன்னாலேயே செய்து முடித்திருந்த டிராக்டர்.

அப்பா மாடியில் இருந்தார். சர்க்கரை மாத்திரை இரண்டு நாளாக இல்லை, மற்றபடி சுகம். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது:

"கார எங்கல?"

"தண்ணியப் பாத்துத் திருப்பிட்டேன்ப்பா."

"நல்ல காரியம்" என்றார். என் நாற்பத்துச் சொச்ச வயதில் வண்டி விஷயத்தில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒருமுறைதான்.

போன வருஷம், 2025 ஆகஸ்டில், தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்தார்கள். அங்கே பொருத்தப்படும் வி.எஃப். 7 காரில் ஆல் வீல் வகையும் உண்டு. முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார். நடுவில் ஷாஃப்ட் இல்லை, டிஃப்ரன்ஷியல் இல்லை, கிளட்ச் இல்லை. இரண்டு அச்சையும் இரும்பு இணைக்கவில்லை, மென்பொருள் இணைக்கிறது. இதுவும் புதிதல்ல. 1900லேயே ஃபெர்டினண்ட் போர்ஷே ஹார்ட் என்ற ஆங்கிலேயருக்காக நாலு சக்கரத்திலும் மோட்டார் வைத்த மின்சாரக் கார் செய்து கொடுத்தார். முறுக்கு என்ற பிரச்சினை அதில் பிறக்கவே இல்லை. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்திருக்கிறோம். அப்பாவிடம் இதை விளக்கிச் சொன்னபோது, இரண்டு மோட்டாருக்கும் யார் கணக்குச் சொல்வது என்று கேட்டார். என்னைப் போன்ற ஆட்கள் எழுதுகிற புரோகிராம் என்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் ஓட்டிய யூனியன் ஜீப்பின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. வண்டி ஏலம் போன வருஷமும் அவருக்குச் சரியாக ஞாபகமில்லை. உடன்குடி, சாத்தான்குளம், திருச்செந்தூர் பகுதிகளில் எழுபது, எண்பதுகளில் அரசு ஜீப் ஓட்டியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பழைய படமோ, லாக் புத்தகத்தின் ஒரு பக்கமோ இருந்தால், எழுதுங்கள். முக்கியமாக, கம்பியை எப்போது சேர்க்க வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.